டிரம்முக்கு மூடி போட்டாச்சா?

சயான், தாராவி, மாட்டுங்கா, செம்பூர்: மழை விட்ட பிறகு வரும் இரண்டு மாதமும் நம் வீட்டுக் காய்ச்சல்களும்

மும்பையிலிருந்து பருவமழை விலகுவதற்கு வானிலைத் துறை குறித்து வைத்திருக்கும் நாள் அக்டோபர் 8. மழை அந்தத் தேதியை மதிப்பது அபூர்வம். ஒரு வருஷம் முன்னாலேயே கிளம்பிவிடும், ஒரு வருஷம் நவராத்திரிப் பந்தலை நனைத்துவிட்டுத்தான் போகும். எப்படியானாலும் அந்த வாரத்தில் குடைகள் பரணுக்கு ஏறும். தாராவியில் கூரைமேல் போட்ட நீலத் தார்ப்பாயை இப்போதே பிரிக்கலாமா, இன்னும் கொஞ்சநாள் பார்க்கலாமா என்று வீட்டுக்கு வீடு யோசனை நடக்கும். மாட்டுங்காவில் கொலுப்பெட்டி இறங்கியிருக்கும். நாலு மாதம் காயாத துணியோடு மல்லுக்கட்டிய குடும்பங்களுக்கு, இந்த வருஷத்து மழைக்காய்ச்சலிலிருந்து தப்பித்தோம் என்று ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி அவசரப்பட்டது. அக்டோபரில் சயான் ஆஸ்பத்திரிக்குப் போய் கேஸ் பேப்பர் எடுக்கும் ஜன்னல் பக்கம் பார்த்தால் தெரியும். லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்ற முழுப்பெயரை அங்கே யாரும் சொல்வதில்லை. தாராவிக்காரர், குர்லாக்காரர், செம்பூர்க்காரர் எல்லோருக்கும் அது வெறும் 'சயான்'. வரிசையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கும் ஆள், தோளில் துவண்டு கிடக்கும் பிள்ளை, முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார இடம் தேடும் பாட்டி. வெளியே வெயில் கொளுத்துகிறது. மழைதான் இல்லையே, பின்னே ஏன் இத்தனை காய்ச்சல்?

நாட்கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு பெருமழை என்று வையுங்கள். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறக்கும் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அது மலேரியாக்காரர் ஒருவரைக் கடித்தாலும் உடனே அடுத்தவருக்குப் பரப்பிவிடாது. கிருமி கொசுவின் உடம்புக்குள் வளரப் பத்து நாளுக்குக் குறையாமல் வேண்டும். பிறகு அது நம் வீட்டுப் பிள்ளையைக் கடிக்கிறது. குளிர்காய்ச்சல் தெரிய இன்னும் பத்துப் பதினைந்து நாள். கூட்டினால் ஒரு மாதத்தை ஒட்டி வருகிறது. டெங்குவின் கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். முழங்கால் தண்ணீரில் நடந்தவருக்கு வரும் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஒளிந்திருக்கும். ஆக, செப்டம்பர் மழையின் பில் அக்டோபர் கடைசியில்தான் வீட்டுக்கு வருகிறது.

இதற்கு மேல் மும்பைக்கே உரிய இரண்டாவது கோடை. 'அக்டோபர் ஹீட்' என்று மராட்டிக்காரர், குஜராத்தி, நாம் எல்லோரும் ஒரே பெயரில் புலம்புவது. மேகம் விலகி வெயில் நேராக இறங்குகிறது. நாலு மாதம் ஊறிய மண்ணின் ஈரம் ஆவியாக எழுகிறது. கடல்காற்றும் காலையில் வராமல் மதியத்துக்குமேல்தான் எட்டிப்பார்க்கிறது. 35 டிகிரியை ஒட்டிய வெயிலும் புழுக்கமும் சேர்ந்தால் மனிதனுக்கு வாட்டம், கொசுவுக்குக் கொண்டாட்டம்.

பிளேக் போட்ட ரோடு

இந்த ஊருக்கு இது புதிதல்ல. 1896 செப்டம்பரில், இதேபோல் மழை ஓயும் சமயத்தில்தான், மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ காப்ரியேல் வியேகாஸ் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு இது பிளேக் என்றார். அடுத்த சில மாதங்களில் நகரத்தில் ஏறக்குறைய பாதி ஊரைக் காலிசெய்துகொண்டு ஓடியது. நெருக்கமும் இருட்டும் காற்றில்லாத அறையும்தான் காரணம் என்று முடிவுகட்டிய அரசாங்கம், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட்டை உண்டாக்கியது. நகரத்துக்கு வடக்கே வயலும் தோப்புமாகக் கிடந்த இடத்தை அது அளந்து, அகலமான தெரு, வீட்டுக்கு வீடு இடைவெளி, நடுவில் பூங்கா என்று கோடு போட்டது. தாதர்–மாட்டுங்கா ஒரு திட்டம், சயான்–மாட்டுங்கா இன்னொரு திட்டம். சயானில் இன்றைக்கும் பலருடைய முகவரியில் 'ஸ்கீம் 6, ரோடு நம்பர் இத்தனை' என்று வருவது அந்த டிரஸ்ட் விட்டுப்போன எண்தான். பின்னால் அங்கே வாடகைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பள்ளிக்கூடம் வைத்தன, பஜனை சமாஜம் வைத்தன, காபிக்கடை வைத்தன. மாட்டுங்காவின் மரநிழலுக்கு நாம் ஒரு கொள்ளைநோய்க்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ரயில்பாதைக்கு மேற்கே அந்தக் கோடு போகவில்லை. நகரத்துக்குள் நாற்றம் வேண்டாம் என்று தள்ளிவிடப்பட்ட தோல் பதனிடும் தொட்டிகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சேற்றுநிலத்துக்கு வந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தோல் தொழிலாளர்கள் அங்கே குடிசை போட்டார்கள். அதுதான் தாராவி. ஒரே சயான் ஸ்டேஷன், கிழக்கே இறங்கினால் திட்டம் போட்ட ஊர், மேற்கே இறங்கினால் தானாக முளைத்த ஊர். ஆனாலும் தண்ணீர் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. டிரஸ்ட் போட்ட சயான் ரோடு நம்பர் 24தான் பெருமழை நாட்களில் டி.வி.யில் முதலில் மூழ்கிக் காட்டுகிறது. காந்தி மார்க்கெட்டும் அப்படியே.

மலேரியாவின் கதை இன்னும் விசித்திரம். 1911இல் டாக்டர் சி. ஏ. பென்ட்லி பம்பாயின் மலேரியாவை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். குற்றவாளி சாக்கடையில் பிறக்கும் கொசு இல்லை, வீட்டுக் கிணற்றிலும் தொட்டியிலும் நிற்கும் நல்ல தண்ணீரில் பிறக்கும் அனாஃபிலிஸ் என்றார். கிணற்றை மூடச் சொன்னபோது, புனிதக் கிணற்றை எப்படி மூடுவது என்று பார்சிகள் உள்பட பலர் எதிர்த்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் கொசுவுக்கு ருசி மாறவில்லை. இன்று அதற்குக் கிணறு கிடைக்காவிட்டால் மொட்டைமாடித் தொட்டி, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் தரைத்தளம், லிஃப்ட் குழி. 2010இல் மும்பையில் 76,000 பேருக்குமேல் மலேரியா வந்து 145 பேர் இறந்தபோது, நகரம் முழுக்கக் கட்டுமானக் குழிகளில்தான் மாநகராட்சிக்காரர்கள் புழு தேடினார்கள். அதன்பின் எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. பத்தாண்டு முடிவில் ஐந்தாயிரத்தைச் சுற்றி நின்றது. சமீப வருஷங்களில் மறுபடி ஏறுகிறது. இப்போது ஊரில் எங்கே பார்த்தாலும் கிரேன் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரம் என்கிற தலைவலி

டெங்குக் கொசு இன்னும் வீட்டோடு ஒட்டியது. அது பகலில் கடிக்கும், சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. ஆகவே நம்மைக் கடித்தது எங்கிருந்தோ வந்த கொசுவாக இருக்க வாய்ப்பில்லை. நம் வீட்டில் பிறந்தது, இல்லையென்றால் பக்கத்து வீட்டில் பிறந்தது. 2012 அக்டோபர் 21 அன்று சினிமா இயக்குநர் யஷ் சோப்ரா டெங்குவில் இறந்தபோதுதான், இது சேரிக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்த மேற்குக் கடற்கரைப் பணக்காரர்கள் தங்கள் பால்கனி மணிபிளாண்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மாநகராட்சியின் அறிவுரை எல்லோருக்கும் தெரியும்: வாரத்தில் ஒரு நாள் 'டிரை டே', பாத்திரம் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவையுங்கள். மாட்டுங்காவில் மூன்று படுக்கையறை ஃப்ளாட்டில் இருப்பவருக்கு இது சுலபம். குழாயைத் திறந்தால் தண்ணீர். தாராவியில் பத்துக்குப் பத்து கோலியில், அதாவது ஒற்றை அறையில், இருக்கும் அக்காவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர் வருவதே நாளில் கொஞ்ச நேரம். அந்த நேரத்துக்கு அவர் வேலைக்கே போகாமல் காத்திருந்து, மோட்டார் வைத்தவர்களோடு சண்டைபோட்டு, குழாய் போட்டு நிரப்பிய நீல டிரம் அது. சமையல், குளியல், மோரியில் பாத்திரம் கழுவல் எல்லாம் அதிலிருந்துதான். அதைக் கவிழ்க்கச் சொல்வது சம்பளக் கவரைக் கொட்டச் சொல்வது மாதிரி. குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் விட முடியாத மாநகராட்சி, டிரம் வைத்திருப்பதற்காகக் குடும்பத்தைக் குற்றம் சொல்வதில் நியாயம் கொஞ்சம் குறைவுதான். கொசு ஒழிப்பில் பாதி வேலை தண்ணீர்க் குழாய்த் துறையுடையது என்பதை எந்தச் சுவரொட்டியும் சொல்வதில்லை.

அதற்காகக் கொசு நமக்காக இரங்கப்போவதில்லை. எனவே கவிழ்க்க முடியாத டிரம்மை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. முதல் விஷயம் மூடி. டிரம்மோடு வந்த மூடி பெரும்பாலும் உடைந்திருக்கும், அல்லது நடுவில் குழாய் நுழைக்க ஓட்டை போட்டிருக்கும். பழைய வேஷ்டியையோ நெருக்கமாக நெய்த சேலைத் துணியையோ இரண்டாக மடித்து வாயில் போட்டு, நாடாவால் இறுக்கிக் கட்டினால் பிளாஸ்டிக் மூடியைவிட நல்லது. துணி தண்ணீரில் படாமல் விறைப்பாக இருக்க வேண்டும். இரண்டு டிரம் இருந்தால் எப்போதும் பழைய தண்ணீரை முதலில் தீர்த்து, மாற்றி மாற்றிக் காலியாக்கலாம். காலியான அன்றைக்கே உள்சுவரை நாரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டெங்குக் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடுவதில்லை, தண்ணீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கிறது. காய்ந்தாலும் பல மாதம் அது சாகாது. அடுத்த முறை தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். வெறுமனே கொட்டி நிரப்பினால் முட்டை அங்கேயேதான் இருக்கும்.

பிறகு கூரை. அக்டோபரிலும் பிரிக்காத தார்ப்பாயின் மடிப்புகளிலும், அது பறக்காமலிருக்க வைத்த பழைய டயர்களிலும் மழைத்தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். மேலே ஏற ஆள் இல்லை என்றால் சந்தில் நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்களை ஏற்றிவிடலாம். இந்த ஒரு வேலையைத் தனி ஒரு குடும்பம் செய்து பயனில்லை. பக்கத்துக் கூரை அரையடி தூரத்தில் இருக்கிறது.

மாடிக் குடித்தனக்காரர்களும் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை யாராவது கடைசியாக எப்போது இழுத்துப் பார்த்தீர்கள்? ஏ.சி.யின் சொட்டுத் தண்ணீருக்கு வைத்த வாளி, துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு. சொசைட்டியின் மொட்டைமாடித் தொட்டிக்கு ஒழுங்கான மூடியும், பரிசோதகர் ஏறிப் பார்க்க ஏணியும் இருக்கவேண்டும் என்பது மாநகராட்சியின் பழைய விதி. செக்ரட்டரியை ஒருநாள் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதத்துக்கே உரியது ஒன்று: நவராத்திரிக்கு வாசலில் பூ மிதக்கவிட்டு வைக்கும் உருளி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு வைக்கும் மாமிகள் பூவைத் தினம் மாற்றுவார்கள், தண்ணீரை மாற்ற மறந்துவிடுவார்கள். ஒன்பது நாள் ஒரு கொசு பிறக்கப் போதும்.

புகையடிக்கும் வண்டி வந்தால் குழந்தைகளுக்குக் குஷி, பெரியவர்களுக்கு மாநகராட்சி வேலை செய்கிறது என்ற திருப்தி. புகை பறக்கும் கொசுவில் கொஞ்சத்தைக் கொல்லும், அவ்வளவுதான். டிரம்மில் நெளியும் புழுவுக்கு அது ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் வந்துவிட்டால்

முதல் நாளே ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. மும்பையில் இந்த மாதங்களில் 'சாதாரணக் காய்ச்சல், மூன்று நாள் பார்க்கலாம்' என்ற பழைய பழக்கம் ஆபத்து. மலேரியா சோதனை மாநகராட்சியின் ஹெல்த் போஸ்ட்டிலும் தவாகானாவிலும் இலவசம். 2022 நவம்பரிலிருந்து திறந்துவரும் 'ஆப்லா தவாகானா' மாலையிலும் இயங்குகிறது. கூலி நாளை இழக்காமல் போய்வரலாம். இதைவிட்டு சந்துமுனை டாக்டரிடம் போய், போனதும் ஓர் ஊசி, ஒரு பாட்டில் குளுக்கோஸ், நாலு கலர் மாத்திரை என்று வாங்கிவருவது நம்மவர்களுக்குப் பிடித்த வைத்தியம். அந்த டாக்டர்களைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை, ஊசி போடாவிட்டால் அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுகிறோம். ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கும், காரணம் மட்டும் தெரியாமலே போகும்.

மலேரியா என்று தெரிந்து, அது விவாக்ஸ் வகையாக இருந்தால், முதல் மூன்று நாள் மாத்திரையிலேயே நடுக்கம் நின்றுவிடும். அதன்பிறகும் ப்ரைமாகுயின் என்ற மாத்திரையைப் பதினான்கு நாள் சாப்பிடவேண்டும். ஈரலுக்குள் உறங்கும் கிருமியை அதுதான் அழிக்கிறது. நாலாவது நாள் வேலைக்குப் போய்விட்டு மாத்திரையை மறந்தவருக்குத் தை மாதத்தில் மறுபடி நடுக்கம் வரும். புதுக் கொசு கடித்தது என்று அவர் நினைத்துக்கொள்வார். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இந்த மருந்து ஆகாது, வேறு சிலருக்கும் ரத்தம் பார்த்துத்தான் தரவேண்டும். ஆகவே அண்ணனுக்குக் கொடுத்ததில் மிச்சத்தை மதினிக்குக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

டெங்குவில் ஏமாற்றும் நேரம் காய்ச்சல் விடும் நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடம்பு குளிரும், வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள், பிள்ளைக்கு இட்லி கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசிப்பார்கள். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தஅழுத்தம் விழுவது காய்ச்சல் விட்ட அந்த ஒன்றிரண்டு நாளில்தான். வயிற்றில் விடாத வலி, நிற்காத வாந்தி, பல்லீறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், கை கால் சில்லிடுதல், பிள்ளை அசாதாரணமாகத் துவளுதல் அல்லது நிலைகொள்ளாமல் அழுதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருத்தல்: இதில் ஒன்றைக் கண்டாலும் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இந்த அடையாளங்களைப் பார்ப்பது மேல். ஆனால் நம் வீடுகளில் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல் போனில் பிளேட்லெட்தான் கேட்கிறார்கள்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில். உடம்புவலி தாங்கவில்லை என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் சேர்ந்த மாத்திரைகளை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைத் தூண்டும். இதயத்துக்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடும் தாத்தாவுக்குக் காய்ச்சல் வந்தால் அதை நிறுத்துவதா தொடர்வதா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், மோர் என்று எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய பெரிய வைத்தியம். நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் இல்லாத தமிழ் வீடு இல்லை. கொடுப்பவர்கள் கொடுக்கட்டும், அதைக் கொடுத்துவிட்டோம் என்று ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுவதுதான் தப்பு. வாந்தியெடுக்கும் பிள்ளைக்குக் கசப்பை ஊற்றி மேலும் வாந்தியெடுக்க வைப்பதும் தப்பு.

எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மருந்து உண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது மும்பை இதைப் படித்துக்கொண்டது. வெள்ளம் வடிந்த பிறகு எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால், அதிலும் காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால், 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருத்துவரைப் பார்த்தால் டாக்ஸிசைக்ளின் தருவார். கர்ப்பிணிக்கும் சிறு பிள்ளைக்கும் வேறு மருந்து. அப்போது விட்டுவிட்டவர்கள் குறைந்தது இதையாவது செய்யலாம்: இப்போது காய்ச்சல் வந்தால், ஒரு மாதத்துக்குள் அழுக்குத் தண்ணீரில் கால் வைத்ததை டாக்டரிடம் சொல்லவேண்டும். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் நிறம் என்று தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

இந்தச் சோதனையும் வைத்தியமும் பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடந்துவிடுகின்றன. வீட்டில் கடைசியாக ரத்தம் பார்க்கப்படுவது அம்மாவுக்குத்தான். பிள்ளைக்கு ஈரத்துணி போட்டு இரண்டு ராத்திரி விழித்த பிறகு அவர் உடம்பு சுட்டால், அது அலுப்பு என்று பெயர் வாங்கும்.

சயான் ஆஸ்பத்திரி, சோட்டா சயான்

1947இல் 50 படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி இது. 1964இல் மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று ஆயிரத்தைத் தாண்டிய படுக்கைகள் இருந்தும் அக்டோபரில் தரையிலும் பாய் விரிக்கிறார்கள். கூட்டமும் வாடையும் பார்த்து முகம் சுளிக்கிற நம்மில் பலருக்கு, ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் இங்கேதான் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் முயற்சியில் தொடங்கியது என்று தெரியாது. அதே டாக்டர் பின்னால் தொடங்கிய 'ஸ்நேஹா' அமைப்பு தாராவியில் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இன்றும் வேலை செய்கிறது. தாராவிக்குள்ளேயே இந்த ஆஸ்பத்திரியின் நகர்ப்புறச் சுகாதார மையம் இருக்கிறது. ஜனங்கள் 'சோட்டா சயான்' என்பார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு அங்கே போனால் போதும், பெரிய சயானில் அரைநாள் நிற்கவேண்டாம்.

ஒரு விஷயத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவையுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு எப்படிப் போவது? 1912இல் கட்டிய சயான் மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்ட் 1 முதல் வண்டிகளுக்கு மூடினார்கள். தாராவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ சுற்றிப் போகவேண்டியதாயிற்று. இன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது, சந்திலிருந்து மெயின் ரோடு வரை நோயாளியை யார் தூக்குவது, எந்த ஆட்டோக்காரர் போன் எடுப்பார் என்பதெல்லாம் காய்ச்சலுக்கு முன்னால் தெரிந்திருக்கவேண்டிய சமாச்சாரங்கள்.

தாராவிக்குச் சொல்லித்தரவேண்டிய அவசியமில்லை என்றும் தோன்றுகிறது. 2020 ஏப்ரல் 1 அன்று முதல் கோவிட் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டபோது, இந்த இரண்டு சொச்சம் சதுர கிலோமீட்டர் அழிந்தது என்றுதான் ஊரே எழுதியது. மாநகராட்சி வீடுவீடாகப் போய்க் காய்ச்சல் தேடியது, மூடிக்கிடந்த தனியார் கிளினிக்குகளைத் திறக்கவைத்து அந்த டாக்டர்களையே கூட்டிப்போனது, பொதுக்கழிப்பறைகளைத் திரும்பத் திரும்பக் கழுவியது. ஜூலை 10 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் தாராவியைப் பெயர்சொல்லிக் குறிப்பிட்டார். டிசம்பர் 25 அன்று ஒரு புது நோயாளிகூட இல்லை. காய்ச்சலைத் தேடி நாம் போகவேண்டும், அது வரும்வரை காத்திருக்கக்கூடாது என்ற அந்த முறையை டெங்குவுக்கும் மலேரியாவுக்கும் வருஷாவருஷம் ஏன் அதே வேகத்தில் செய்வதில்லை என்பது மாநகராட்சியிடம் கேட்கவேண்டிய கேள்வி.

சுண்டலும் லேகியமும்

சாப்பாட்டில் இந்தப் பருவம் நமக்குச் சாதகமானது. புரட்டாசியில் பல வீடுகளில் கறி மீன் கிடையாது; நவராத்திரியில் ஒன்பது நாள் கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, பச்சைப்பயறு என்று வகைவகையாகச் சுண்டல். ஸ்கூல் பிள்ளைக்கு இதைவிட நல்ல சாயங்காலத் தீனி கிடையாது. சுண்டல் ஊறவைத்த தண்ணீரும் கையும்தான் சுத்தமாக இருக்கவேண்டும். டைஃபாய்டும் மஞ்சள்காமாலையும் குடிதண்ணீர் வழியாக வருவதால், குழாய்த்தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கும் மழைக்காலப் பழக்கத்தைத் தீபாவளி வரை விடாதீர்கள். தெருவோரச் சர்பத்தின் ஐஸை யார் செய்தார்கள் என்று தெரியாது.

தீபாவளி லேகியம் பற்றி இரண்டு வார்த்தை. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், மல்லி, சித்தரத்தை, வெல்லம், நெய், நல்லெண்ணெய். எல்லாமே மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும், கிளறச் சோம்பல்பட்டால் டப்பாவிலும் கிடைக்கும். காலையில் வெறும் வயிற்றில் ஓர் உருண்டை, அன்று நாள் முழுக்க நடக்கப்போகும் பலகாரப் படையெடுப்புக்கு. இதை 'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று லேபிள் ஒட்டி விற்பவர்களை நம்ப வேண்டியதில்லை; நம் பாட்டிகள் அதை வயிற்றுக்குத்தான் கொடுத்தார்கள். சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் லேகியத்தின் வெல்லத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

காற்று திரும்பும் மாதம்

நவம்பர் வந்ததும் கொசு கொஞ்சம் அடங்கும், தூசி ஆரம்பிக்கும். மழைக்காலம் முழுக்கக் கடலிலிருந்து வீசி அழுக்கைக் கழுவிக்கொண்டு போன காற்று ஓய்ந்துவிடுகிறது. சுத்திகரிப்பு ஆலைகளையும் உரத் தொழிற்சாலையையும் தேவனார் குப்பைமேட்டையும் பக்கத்தில் வைத்திருக்கும் செம்பூருக்கு இது தலைமுறைகளாகப் பழகிய கஷ்டம். 2023 அக்டோபரில் காற்று மோசமாகி, மாநகராட்சி கட்டுமான இடங்களுக்குத் தகரவேலி, தண்ணீர் தெளிப்பு என்று விதிகள் போட்டது. பம்பாய் உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, அந்தத் தீபாவளிக்குப் பட்டாசு நேரத்தை ராத்திரி எட்டிலிருந்து பத்து என்று சுருக்கியது.

இழுப்புள்ள பிள்ளை வீட்டிலிருந்தால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே டாக்டரைப் பார்த்து இன்ஹேலரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்தில் சிரப்போடு ஒப்பேற்றி, கடைசியில் பிள்ளையை நெபுலைசரில் உட்காரவைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. காலை நடைப்பயிற்சிக்காரர்கள் அதிகாலைப் புகைமூட்டத்தில் போகாமல் வெயில் ஏறிய பிறகு ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவுக்குப் போகலாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

தீபாவளிக்கு ஊர். தாதர்–திருநெல்வேலி சாளுக்கியாவிலோ நாகர்கோவில் எக்ஸ்பிரஸிலோ டிக்கெட் எப்போதோ போட்டாயிற்று. இங்கே மழை முடிந்த பிறகு கிளம்பி, அங்கே மழை தொடங்கும்போது இறங்குகிறோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தமிழ்நாட்டைத் தொடும். ஐப்பசியின் அடைமழையும் அங்கத்திய டெங்குவும் நமக்காகக் காத்திருக்கும். ஒரே வருஷத்தில் இரண்டு மழைக்காலம் மும்பைத் தமிழனின் தலையெழுத்து.

கிளம்புமுன் டிரம்மை இப்போதாவது கவிழ்த்துவிடலாம், யாருக்கும் தண்ணீர் வேண்டாமே. தேய்த்துக் காயவைத்துக் கவிழுங்கள். கக்கூஸ் தொட்டியை மூடி, கோப்பையின் வாயில் ஒரு பலகையையோ பிளாஸ்டிக்கையோ போடுங்கள். பதினைந்து நாள் ஆளில்லாத வீட்டில் கொசு அங்கேதான் குடியேறும். சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு அண்ணியிடம் மணிபிளாண்ட்டையும் சொல்லிவிடுங்கள்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, உவரியிலோ ஆலங்குளத்திலோ பெரியப்பா வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், உள்ளூர் டாக்டர் டெங்குவையும் சளிக்காய்ச்சலையும்தான் முதலில் நினைப்பார். தமிழ்நாட்டில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டதால் அந்தச் சோதனையை அவர் எழுதாமலே போகக்கூடும். கிருமி மும்பையில் ஏறி உங்களோடு ரயிலில் வந்திருக்கலாம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நாற்காலியில் உட்கார்ந்ததும் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்: "சார், நாங்க பம்பாயிலேருந்து போன வாரந்தான் வந்தோம். மலேரியாவுக்கும் சேத்துப் பாத்துருங்க."